ஒரு புந்தாலும் ஒரு கூடைப் புந்தாலும்

மீன் கணக்கெடுப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் கரையோரக் கடலின் மீன்களுக்குப் பெயர் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். பெயர் சொல்வது எப்படி என்பதற்கு உங்களிடம் புத்தகம் இருக்கிறது, படம் இருக்கிறது, இப்போது இயந்திரமும் வந்துவிட்டது. அதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதனால் ஒரு மனிதன் சாகக் கிடந்தான்.

அதற்கு முன் நம் கடலைப் பற்றிக் கொஞ்சம். மலேசியாவின் இந்தப் பேராக் கரையோரக் கடல் பார்க்க லட்சணமாக இருக்காது. பால் ஊற்றிய தேநீர் நிறம், காலை வைத்தால் முழங்கால் வரை சேறு. "இதுக்குள்ள என்னக்கா இருக்கப் போவுது?" என்று ஈப்போக்காரர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வலையை ஒரு தடவை இழுத்துப் படகின் தளத்தில் கொட்டிப் பாருங்கள். நெத்திலி, காரல், கெளுத்தி, நாக்கு மீன், கெலாமா என்று குவியும். அதில் காரல் என்று சொல்லி வீட்டில் குழம்பு வைக்கிறீர்களே, அது எங்கள் மேசைக்கு வந்தால் ஏழெட்டு வேறு வேறு மீனாகப் பிரியும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் முதுகில் ஒரு கோடாக இருக்கும், அல்லது முள்ளின் நீளமாக இருக்கும். அவ்வளவுதான்.

அதனால் படகில் நான் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. கூடைக்குப் பெயர் எழுதக்கூடாது, மீனுக்குத்தான் எழுத வேண்டும். உதவிக்கு வந்தவர்கள் "காரல், ஒரு கூடை" என்று எழுதினால் கூடையைத் திரும்பக் கொட்டச் சொல்வேன். வெயிலில் முதுகு பிளக்க ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'காக் சாத்து-சாத்து'. ஒன்றொன்றாகப் பார்க்கும் அக்கா என்று அர்த்தம். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தச் சட்டத்தை நானே மீறினேன். படகில் அல்ல, தரையில், ஈப்போவின் புந்தோங் சந்தையில் ஒரு கையில் கீரைக்கட்டை வைத்துக்கொண்டு மீறினேன்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருந்தது. கல்லறைத் திருநாளை ஒட்டிய சனிக்கிழமை. பாகான் செராய்க்கு உள்ளே நான் பிறந்த எஸ்டேட் இருந்தது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை வைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆட்கள் குடியிருந்த லயங்கள் இல்லை. ஒரு சின்னச் சிற்றாலயமும் அதன் பின்னால் ஒரு மேடும்தான் மிச்சம். மேட்டில் ஒரு பக்கம் சிலுவைக் கல்லறைகள், மறுபக்கம் இந்துக்களின் சமாதிகள். வருடத்துக்கு ஒரு நாள் எல்லாரும் வந்து லாலான் புல்லை வெட்டி, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, சிற்றாலயத்தில் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போவோம். ஒரு நாற்பது பேர் வருவார்கள்.

சமையல் பிலோமினா. அவள் கணவன் செல்வம், என் தம்பியோடு எஸ்டேட் பள்ளியில் படித்தவன். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான். திருநாள் அன்று காலையில் சந்தைக்குப் போவதும், ரயிலில் வருகிறவர்களை நிலையத்தில் போய் ஏற்றி வருவதும் அவன் பொறுப்பு. என்னை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மீன் விஷயத்தில் நான் சொன்னால் அவனுக்கு அது பூசையில் ஃபாதர் சொன்ன மாதிரி.

அன்று காலை ஏழரை மணிக்கு என் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. செய்தித்தாள் மேல் ஒரு மீன். புந்தால். தமிழ்நாட்டில் பேத்தை என்பார்கள், சீண்டினால் வயிற்றை ஊதிக்கொள்ளும் மீன். கீழே அவன் எழுதியிருந்தான்: "அக்கா, குவாலா படகுத்துறையில கூட்டாளி கொடுத்தான். இது சாப்பிடலாமா?"

நம் கடலில் கிடைக்கும் புந்தால்களில் இரண்டு வகை அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். இரண்டுக்கும் முதுகில் சொரசொரப்பாகக் குட்டி முட்கள் உண்டு. ஒன்றில் அந்த முட்கள் பாதி முதுகோடு நின்றுவிடும். அதைச் சிலர் தோலை உரித்துச் சாப்பிடுகிறார்கள். மற்றதில் முட்கள் முதுகுத் துடுப்பு வரை போகும். அதன் சதையிலும் நஞ்சு. கொதிக்க வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. நாக்கும் உதடும் மரக்கும், கை கால் விழும், கடைசியில் மூச்சு நிற்கும்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முட்கள் பாதியில் நின்றிருந்தன. சந்தேகமே இல்லை, சாப்பிடுகிற வகை. இன்றைக்கு அந்தப் படத்தைக் காட்டினாலும் அதையேதான் சொல்வேன். பக்கத்தில் கீரைக்காரி சில்லறைக்கு நிற்கிறாள். ஒரு கையால் தட்டினேன்: "சாப்பிடலாம். குடலையும் தோலையும் சுத்தமா எடுத்துடு." அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் அனுப்பினான். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு தேங்காய் வாங்கப் போனேன். ஒரு படத்தைப் பார்த்தே அந்த இரண்டையும் பிரிக்க ஈப்போவில் எத்தனை பேரால் முடியும் என்று மனதுக்குள் ஒரு கர்வம் வேறு.

இன்றைக்கு யாராவது கேட்டால் புந்தால் எதுவுமே வேண்டாம் என்றுதான் சொல்வேன். அன்றைக்கு நான் கெட்டிக்காரி.

பத்தேகால் மணி இருக்கும். வீட்டில் பிற்பகல் பூசைக்குக் கட்ட வேண்டிய சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பூசை நேரத்துக்குப் போய்ச் சேரப் பதினொன்றரைக்குக் கிளம்பினால் போதும் என்று கணக்கு. செல்வத்திடமிருந்து இன்னொரு படம் வந்தது. இரண்டு பெரிய பேசின்கள். ஒன்றில் உரித்து மஞ்சள் தடவிய சதைத் துண்டுகள். மற்றதில் தலையும் தோலும். "நாப்பது பேருக்கும் போதும்லா. நீங்க சொன்னதாலதான் பிலோ கையே வச்சா. நான் ஸ்டேசனுக்குப் போறேன்."

நான் அதை இரண்டு தடவை படித்தேன். நான் பார்த்தது ஒரு மீன். பேசினில் இருந்தது ஒரு கூடை மீன்.

இழுவலையில் ஒரு கூடைப் புந்தால் ஒரே வகையாக வந்து நான் பார்த்ததே இல்லை. அப்படி வந்தது என்று யாராவது எழுதினால் நம்பாமல் திரும்பக் கொட்டச் சொல்கிற ஆள் நான்.  தேய்ப்புப் பெட்டியை அணைத்தேனா என்று இன்றுவரை தெரியாது. வீடு எரியவில்லை, அதனால் அணைத்திருக்க வேண்டும்.

செல்வத்தை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடமாட்டான், அவ்வளவு ஒழுங்கு. பிலோமினாவுக்குத் தனி போன் இருந்தது, ஆனால் செம்பனைக்குள்ளே அந்தச் சிற்றாலயத்தில் லைன் கிடைக்காது; செல்வத்தின் படமும் அவன் வேன் பெரிய ரோட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு வந்திருக்கும். வருடா வருடம் அங்கே போய் "அப்பாடா, இன்னைக்கு ஒரு நாள் போன் தொல்லை இல்ல" என்று சொல்கிறவளே நான்தான். ஒன்றரை மணி நேர ஓட்டம், காரை எடுத்தேன். போனைப் பக்கத்து சீட்டில் ஸ்பீக்கரில் போட்டு அழைத்துக்கொண்டே ஓட்டினேன். யாரும் அப்படிச் செய்யாதீர்கள். போலீசுக்கோ அவசர எண்ணுக்கோ அழைத்து, பாகான் செராயிலிருந்து ஆள் அனுப்பச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. நாமே கட்டிய முடிச்சை நாமே அவிழ்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு வரும். அந்த நேரத்தில் அது நல்ல குணம் போலத் தெரியும். அது நல்ல குணம் இல்லை.

கோல கங்சார் தாண்டும்போது வேறு ஒரு யோசனை வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒருவேளை எல்லாமே நல்ல வகையாக இருந்தால்? நாற்பது பேர் சோற்றைக் கெடுத்தவள் என்று பெயராகிவிடும். மீனுக்குப் பெயர் சொல்கிறவள் தான் சொன்னதைத் தானே நம்பவில்லை என்று சிரிப்பார்கள். அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி நிதானமாக யோசிக்கலாம் என்றுகூட இடது பக்கம் விளக்குப் போட்டுவிட்டேன். யோசனை என்று அதற்குப் பெயர் வைத்தேன், உண்மையில் அது பயம். விளக்கை அணைத்துவிட்டு நேராகப் போனேன்.

தைப்பிங் தெரிகிற இடத்தில் போன் அடித்தது. செல்வம்.

"என்னக்கா, பதினோரு மிஸ்ட் கால்? இப்பத்தான் ஸ்டேசன்ல ஆளுங்கள ஏத்திட்டுக் கிளம்புறேன், பின்னால பெரியவரு ஒருத்தரு போன ஸ்பீக்கர்ல புடிச்சிருக்காரு. வரலையா நீங்க?"

"செல்வம், அந்த மீன யாராச்சும் சாப்பிட்டாங்களா?"

"இல்லக்கா, பன்னெண்டு மணிக்குத்தான் சாப்பாடு. நான் மட்டும் ரெண்டு துண்டு. பிலோ பொரிச்சுக் குடுத்தா."

"எப்ப?"

"கிளம்புறதுக்கு முன்னால. முக்கா மணிக்கு மேல இருக்கும்லா. நல்லாருந்துச்சு."

என் குரலை நான் பிடித்துக்கொண்டேன். படகில் காற்று மாறும்போது கத்தக்கூடாது என்று பழகியிருந்தேன், அது அன்றைக்கு உதவியது. "உன் உதடு எப்படி இருக்கு?"

சிரித்தான். "என்னக்கா கேள்வி இது! வண்டில பெரியவங்கல்லாம் உக்காந்திருக்காங்க."

"நாக்கு, உதடு. மரத்தாப்புல இருக்கா?"

 எஞ்சின் சத்தத்துக்கு நடுவே மெதுவாகச் சொன்னான். "சம்பல் காரம்னு நெனச்சேன்."

அந்த நிமிடத்தை நான் எத்தனையோ தடவை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வேனில் ஏழு பேர். அவன் கையில் ஸ்டியரிங். விஷம் என்ற வார்த்தையைச் சொன்னால் அவன் பதறுவான். சொல்லாவிட்டால் நிறுத்தமாட்டான். "செல்வம், இப்பவே வண்டிய ஓரங்கட்டு. ஹேண்ட்பிரேக் போடு. போட்டுட்டு எங்கிட்டச் சொல்லு," என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஹேண்ட்பிரேக் இழுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டேன்.

"போட்டுட்டேன். என்னாச்சுக்கா?"

"அந்தக் கூடையில கெட்ட புந்தால் கலந்திருக்கு. நீ தின்னதுல அது இருக்கு. இப்ப நீ ஓட்டக்கூடாது. வண்டில யாருக்கு ஓட்டத் தெரியும்?"

பின்னாலிருந்து ஒரு பெரியவரின் குரல் வந்தது. "நான் மணியம் பேசுறேன்மா. இருவது வருசம் லோரி ஓட்டுனவன்."

"அண்ணே, அப்படியே வண்டியத் திருப்பி ஆஸ்பத்திரிக்கு விடுங்க. எமெர்ஜென்சிக்குப் போயி 'இக்கான் புந்தால்' அப்படின்னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை போதும். மூச்சுக்கு மெசின் வேணும்னு சொல்லுங்க. அவனா நடக்க விடாதீங்க, நல்லா இருக்கேன்னு சொன்னாலும் விடாதீங்க."

"சரிம்மா." மணியண்ணன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்படி ஓர் ஆள் அந்த வேனில் இருந்தது என் அதிர்ஷ்டம். என் திறமையில் அதைச் சேர்க்காதீர்கள்.

"அக்கா," என்று செல்வத்தின் குரல் மறுபடியும் வந்தது. "விரலு குறுகுறுன்னுது." பிறகு லைன் போய்விட்டது.

பாகான் செராய் பிரிவில் வலப்பக்கம் போனால் ஆஸ்பத்திரி, இடப்பக்கம் செம்பனை. என் கால் வலப்பக்கம் போகத் துடித்தது. அவன் என் தம்பி மாதிரி. ஆனால் அங்கே போய் நான் செய்ய ஒன்றுமில்லை, மெசினை நானா ஓட்டப்போகிறேன்? சிற்றாலயத்தில் நாற்பது பேருக்கு இலை போடப் போகிறார்கள், அங்கே போன் எடுக்காது. இடப்பக்கம் திருப்பினேன். அவசரத்தில் மனது எங்கே இழுக்கிறது என்பதும், நீங்கள் எங்கே இல்லாவிட்டால் காரியம் கெடும் என்பதும் வேறு வேறு இடமாக இருக்கும். நான் அழுதுகொண்டேதான் திருப்பினேன்.

பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம். மேட்டில் ஆண்கள் பாராங் கத்தியும் மண்வெட்டியுமாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சிற்றாலயத்தின் பக்கவாட்டில் தகரக் கொட்டகைக்குக் கீழே பிலோமினா பெரிய சட்டியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பொரித்த துண்டுகள்.

"வாங்கக்கா! சீக்கிரமா வந்துட்டீங்க. உப்பு பாருங்க, எனக்கு இன்னைக்கு ஒருசந்தி."

ஒருசந்தி என்றால் பகல்வரை வாயில் ஒன்றும் வைக்காத விரதம். இறந்தவர்களுக்காக அவள் அன்றைக்கு இருக்கிறாள். அதனால்தான் துண்டைப் பொரித்துக் கணவனிடம் உப்புப் பார்க்கக் கொடுத்திருக்கிறாள்.

நான் அடுப்பை அணைத்தேன். "பிலோ, இத யாரும் தொடக்கூடாது." பிறகு செல்வத்தைப் பற்றிச் சொன்னேன். எப்படிச் சொன்னாலும் கேட்கிறவளுக்கு அது ஒன்றுதான் என்பதால் நேராகச் சொன்னேன். கரண்டி அவள் கையிலேயே இருந்தது. "அக்காகிட்டக் கேட்டீங்களா, அக்காகிட்டக் கேட்டீங்களான்னு மூணு தடவ கேட்டேன்க்கா," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தோல்கள் கிடந்த பேசினைக் கொட்டினேன். கட்டைவிரலை முதுகுப் பக்கம் வைத்து ஒவ்வொன்றாகத் தடவினேன். முதல் தோல், பாதியில் முள் நின்றது. இரண்டாவதும் நின்றது. ஐந்தாவதில் விரல் நிற்காமல் துடுப்பு வரைக்கும் சொரசொரவென்று போனது. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை, எண்ணவும் இல்லை. அந்த இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்துகொண்டேன்.

இதற்குள் ஆட்கள் சாப்பாட்டு வாசனைக்குக் கைகழுவிக்கொண்டு வந்துவிட்டார்கள். சட்டி மூடியிருப்பதைப் பார்த்து "என்ன, என்ன?" என்றார்கள். எனக்கு வாயில் தயாராக ஒரு பதில் இருந்தது. 'மீன் கெட்டுப்போச்சு.' அதைச் சொல்லிவிட்டால் யாரும் மீனைத் தொடமாட்டார்கள், என் பெயரும் தப்பிக்கும். வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது தட்டின் ஓரத்தில் காலியாக இருந்த இடம் கண்ணில் பட்டது. செல்வம் தின்றது இரண்டு. அந்த இடம் இரண்டு துண்டுக்கு மேல் இருந்தது. கெட்டுப்போன மீனை யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தின்றவன் நாற்பது பேருக்கு முன்னால் அதை ஒப்புக்கொள்வானா? வயிறு கலக்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்ப் படுப்பான்.

அதனால் உள்ளதைச் சொன்னேன். "இது விஷ மீனு. நான்தான் ஒரே ஒரு படத்தப் பாத்துட்டு சாப்பிடலாம்னு சொன்னேன். தப்பு என்னோடது. செல்வம் ரெண்டு துண்டு தின்னுட்டு இப்ப ஆஸ்பத்திரியில மூச்சுக்குப் போராடுறான். வேற யாராச்சும் வாயில வச்சிருந்தா இப்பவே சொல்லுங்க. வெக்கப்படாதீங்க, உயிரு போயிரும்."

 பின்னாலிருந்து ஆறுமுகம் பாராங் கத்தியைக் கீழே போட்டான். அவன் எங்கள் லயத்துக்காரன், பத்து காஜா ஊரிலிருந்து விடியற்காலையிலேயே பைக்கில் வந்து புல் வெட்டியவன். "பசிக்குதுன்னு மூணு துண்டு எடுத்தேன்க்கா," என்றான். 

புல் வெட்ட வந்த மண்வெட்டிகளாலேயே மேட்டுக்கு வெளியே ஆழமாகக் குழி தோண்டிக் குழம்பையும் மீனையும் கொட்டி மூடினார்கள். நான் பிலோமினாவையும் ஆறுமுகத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளம்பும்போது ஒரு அம்மா கார் சன்னல் வழியாக என் கையைப் பிடித்து, "உள்ளதச் சொன்னியேம்மா, அது பெருசு," என்றார். அந்த வார்த்தை எனக்கு ரொம்ப இதமாக இருந்தது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அந்த இதம்தான் பிறகு என்னைக் கெடுத்தது.

ஆறுமுகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் எடுத்த மூன்றும் நல்ல மீனின் துண்டுகள். சாயந்திரம் வரை படுக்க வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். செல்வம் ஆஸ்பத்திரி வாசலில் வேனை விட்டு இறங்கும்போதே கால் மடங்கி மணியண்ணன் மேல் விழுந்திருக்கிறான். நாங்கள் போனபோது தொண்டையில் குழாய் போட்டு மெசின் அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் கொண்டுபோன தோல்களை டாக்டரிடம் காட்டினேன். "இதற்கு மருந்து கிடையாது. நஞ்சு தானாக இறங்கும்வரை மெசின் தாங்க வேண்டும். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள்," என்றார். இன்னொரு கால் மணி நேரம் அவன் ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

மறுநாள் பிற்பகல் பார்வை நேரத்துக்குப் போனேன். அவன் அசையாமல் கிடந்தான். இமைகூட அசையவில்லை. பிலோமினா கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "அக்கா, நான் ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்காதீங்க," என்றாள். "நீங்க நல்லாப் பாத்துட்டுத்தானே சொன்னீங்க?"

அங்கேதான் நான் வழுக்கினேன். நேற்று நாற்பது பேருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தித் தப்பு என்னுடையது என்று சொன்னவள். ஒரு நாளில் அந்த உண்மை தேய்ந்துவிட்டது. "நல்லாத்தான் பாத்தேன் பிலோ," என்றேன். "அவன் ஒரு மீனுதானே அனுப்பினான். அந்த மீனு நல்ல மீனுதான். ஒரு கூடை இருக்குன்னு அவன் எனக்குச் சொல்லவே இல்லையே." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எங்கள் தொழிலில் வார்த்தை சுத்தமாக இருக்கும். பிலோமினா தலையாட்டினாள். புருசன் மேல்தான் தப்பு என்று அவள் ஏற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன் என்பதைச் சொல்லும்போது இப்பவும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். நான்காம் நாள் பழம் வாங்கிக்கொண்டு போனேன். செல்வம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பிலோமினா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றான், நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். கண்ணீர் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அக்கா," என்றான். தொண்டை இன்னும் கரகரப்பாக இருந்தது. "நான் செத்த மாதிரி கெடந்தேன்லா, அப்ப எல்லாம் கேட்டுச்சு. கண்ணத் தொறக்க முடியல, விரல அசைக்க முடியல. ஆனா எல்லாம் கேட்டுச்சு. பிலோ ஜெபம் பண்ணது. டாக்டரு பேசுனது. நீங்க வந்தது."

 கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் குரலில் கோபம் இல்லை. "நான் ஒண்ணுதான் அனுப்பினேன்க்கா. அது நெசந்தான். கூடை மீனையும் அள்ளிப் போட்டா படத்துல தெரியாது, ஒண்ணத் தனியா வச்சாத்தான் அக்காவுக்கு நல்லாத் தெரியும்னு நெனச்சேன். நீங்க பிலோகிட்டச் சொல்லும்போது நான் உள்ள கத்திக்கிட்டே கெடந்தேன். சத்தம் வரல."

சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சந்தையில் கீரைக்காரி சில்லறைக்கு நின்ற நேரத்தில் நான் கேட்டிருக்க வேண்டியதை, நான்கு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கேட்டேன்.

"எத்தன மீனு இருந்துச்சு செல்வம்?"

"இருவத்து மூணு," என்றான். யோசிக்கவே இல்லை. "எண்ணித்தான் வாங்கினேன்க்கா. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."